காவிச் சுவரில் தலைப்பு: டெக்ஸ்சர் பின்னணி சரியாக வராதபோது

புதுச்சேரியில் டிசைன் வேலை செய்பவர்களிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்வி: "ஒயிட் டவுன் தெருக்களில் இருக்கும் அந்தக் காவி மஞ்சள் சுவர் பின்னணியாக வேண்டும், அதன் மேல் பெயரை எழுதினது மாதிரி இருக்கணும், முடியுமா?" கல்யாணப் பத்திரிகைக்கும் கேட்கிறார்கள், மாசி மக வரவேற்பு பேனருக்கும் கேட்கிறார்கள், காபிக் கடை விளம்பரத்துக்கும் கேட்கிறார்கள். செய்ய உட்கார்ந்தால் சுவர் தனியாக அழகாக இருக்கும், எழுத்தும் தனியாக அழகாக இருக்கும், இரண்டையும் சேர்த்தால் ஏதோ இடிக்கும். எது இடிக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு ஸ்லைடராக நகர்த்திக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

அதனால் கண்ணில் என்ன தப்பாகத் தெரிகிறதோ அதை வைத்துத் தேடும்படி இதை எழுதுகிறேன். ஃபோட்டோஷாப்பை வைத்துச் சொல்கிறேன். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் வழி வேறாக இருக்கும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் மூன்று இடத்தில்தான் இருக்கும்: வெளுப்புக்கும் கருமைக்கும் உள்ள இடைவெளி, துகளின் பருமன், வெளிச்சம் வரும் திசை. நிறம் அதற்கெல்லாம் அப்புறம். நிறத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் தீர்கிற கோளாறு மிகக் குறைவு.

முதலில் அடித்தளம்

கீழே சொல்லும் எல்லாமே இந்த அமைப்பை வைத்துத்தான். 3000க்கு 1500 பிக்சலில் ஆர்ஜிபி கோப்பு ஒன்று. அடியில் காவி மஞ்சள் நிறம் நிரப்பிய லேயர்; சிவப்பு 217, பச்சை 164, நீலம் 65 என்று ஆரம்பிக்கலாம். அதன் மேல் 50 சதவீதச் சாம்பல் நிரப்பிய லேயர். அதில் ஃபில்டர் மெனுவின் ஆட் நாய்ஸ், காஸியன், 4 அல்லது 5 சதவீதம், மோனோக்ரோமேட்டிக் டிக் செய்து, பிளெண்ட் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) ஓவர்லே ஆக்குங்கள். இது பூச்சின் பொடி. அதற்கு மேல் இன்னொரு லேயரில், கறுப்பு வெள்ளையை நிறங்களாக வைத்து ரெண்டர் கிளவுட்ஸ். சாஃப்ட் லைட், ஒபாசிட்டி 30 சதவீதம். இது மழை பட்டு வெளிறிய திட்டு. எல்லாவற்றுக்கும் மேல், உண்மையான சுவரின் படம், நிறம் நீக்கி, ஓவர்லேயில். அதற்கும் மேல்தான் எழுத்து.

லேயர்களை ஒன்றாக்கிவிடாமல் தனித்தனியாக வைத்திருங்கள். எந்த லேயர் கோளாறு செய்கிறது என்று கண்டுபிடிக்க, கண் சின்னத்தை அணைத்து அணைத்துப் பார்ப்பதை விட நல்ல வழி எதுவும் இல்லை.

சுவர்ப் படத்தைப் போட்டதும் ஒரு பக்கம் இருட்டாக, ஒரு பக்கம் வெளுப்பாக இருக்கிறது

படம் எடுத்த இடத்தில் வெளிச்சம் சமமாக விழவில்லை, அல்லது லென்ஸ் ஓரங்களை இருட்டாக்கியிருக்கிறது. பிரைட்னஸை ஏற்றினால் வெளுத்த பக்கம் இன்னும் வெளுத்துப்போகும். ஃபில்டர் மெனுவில் அதர், அதற்குள் ஹை பாஸ் எடுத்து, ரேடியஸை 100க்கு மேல் பெரிதாக வையுங்கள். பெரிய அளவில் இருக்கும் இருட்டு வெளிச்ச வித்தியாசம் போய்விடும். வெடிப்பும் உரிசலும் அப்படியே நிற்கும். ரேடியஸ் சின்னதாக வைத்தால் விளிம்புகள் மட்டும் மிஞ்சி, சுவர் பென்சிலில் வரைந்த மாதிரி ஆகிவிடும். ஹை பாஸ் செய்த படம் நடுச் சாம்பலை ஒட்டியே நிற்பதால் ஓவர்லேக்கு அப்படியே பொருந்தும்.

படம் எடுக்கும்போதே சுவருக்கு நேராக நின்று, கொஞ்சம் தள்ளிப் போய், ஜூமில் எடுத்தால் இந்த வேலை பாதி குறையும். வீட்டுச் சுவர் என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். ஒயிட் டவுனிலேயே நிற்க வேண்டும் என்றும் இல்லை. தமிழர் பகுதித் தெருக்களின் திண்ணைச் சுவர்கள், கடலூர் ஓ.டி. துறைமுகப் பக்கம் உப்புக் காற்றில் காரை பொரிந்த பழைய கட்டடங்கள், கேப்பர் மலையின் செம்மண் வெட்டு என்று ஒவ்வொன்றும் வேறு வேறு டெக்ஸ்சர். செம்மண் வெட்டில் இரும்புச் சத்து ஏறிய சிவப்பும் கூழாங்கற்களும் கலந்து இருக்கும். அது தடித்த எழுத்துக்கு மட்டுமே தாங்கும்.

எழுத்து படிக்க முடியவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். ஒரு சோதனை செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போட்டு, படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். தலைப்பு அப்போதும் படிக்க வருகிறதா? வந்தால் கோளாறு நிறத்தில். வராவிட்டால் கோளாறு வெளுப்பிலும் கருமையிலும். பெரும்பாலும் வராது.

காரணம், சுவர்ப் படத்தில் முழு வெள்ளையும் இருக்கிறது, முழுக் கறுப்பும் இருக்கிறது. எழுத்தை வெள்ளையாக வைத்தால் சுண்ணாம்புத் திட்டு அதை விழுங்குகிறது. கறுப்பாக வைத்தால் வெடிப்பு விழுங்குகிறது. உடனே எழுத்துக்கு ஸ்ட்ரோக் (ஓரக் கோடு), அதற்கு வெளியே இன்னொரு ஸ்ட்ரோக், அதற்கும் வெளியே கிளோ என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். தேவையே இல்லை. சுவர்ப் படத்துக்கு மேல், எழுத்துக்குக் கீழ், ஒரு லெவல்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் போடுங்கள். மேலே இருக்கும் இன்புட் ஸ்லைடர்களை விட்டுவிட்டு, கீழே இருக்கும் அவுட்புட் ஸ்லைடர்களைப் பிடியுங்கள். 0 இருக்கும் இடத்தை 90க்கும், 255 இருக்கும் இடத்தை 170க்கும் கொண்டுவாருங்கள். சுவரின் எந்த மூலையும் இனி அந்த எல்லையைத் தாண்டாது. 90க்குக் கீழே கரு எழுத்துக்கு இடம், 170க்கு மேலே வெள்ளை எழுத்துக்கு இடம். ஸ்ட்ரோக் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பாருங்கள், எழுத்து தெளிவாக நிற்கும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் துகளின் பருமனைப் பாருங்கள். எழுத்தின் கோட்டுத் தடிமன் 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் வெடிப்பும் ஏறத்தாழ 40 பிக்சல் அகலம் என்றால், எது எழுத்துக் கோடு, எது வெடிப்பு என்று கண்ணுக்குப் பிரிக்கத் தெரியாது. வெடிப்பைக் கோட்டில் கால் பங்குக்கும் கீழே சுருக்குங்கள், அல்லது எழுத்தை விடப் பெரிய திட்டாக விரித்துவிடுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருப்பதுதான் கூடாது.

தமிழுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு, புள்ளி. "மாசி மகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு பெயர்ந்த ஒரு வெள்ளைப் பொட்டு சரியாக முதல் "ம"வின் மேலோ "க"வின் மேலோ வந்து உட்கார்ந்தால், படிப்பவர் கண் ஒரு நொடி தடுக்கும். அதே மாதிரி, கடைசி "ம்" மேல் இருக்கும் உண்மையான புள்ளி சுவரின் பொட்டுகளுக்கு நடுவில் காணாமல் போகும். "சி" மேல் இருக்கும் சுழியும் அப்படித்தான். ஆங்கிலத் தலைப்புக்குச் செய்த ஒரு டுடோரியலை அப்படியே பின்பற்றும்போது நாம் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் அந்த எழுத்துகளில் மேலே சின்னச் சின்னதாக இருப்பது குறைவு. எழுத்துகளுக்கு மேலே, ஒரு புள்ளி உட்காரும் உயரத்துக்கு ஒரு பட்டை இருக்கிறது அல்லவா, அந்தப் பட்டையில் மட்டும் சுவர் லேயருக்கு மாஸ்க் (வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பெரிய பொட்டுகளைத் துடைத்துவிடுங்கள். பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது, படிப்பது சுலபமாகும்.

கோயில் கல்வெட்டு மாதிரி தலைப்பு கேட்டாலும் இதை நினைவில் வையுங்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயில் மாதிரி பழைய கோயில்களின் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைத்திருக்க மாட்டார்கள். நம் வாசகருக்குப் புள்ளி இல்லாமல் படித்துப் பழக்கம் இல்லை. எனவே கல்லின் பொத்தல்களை விட நம் புள்ளி ஆழமாக, வட்டமாக, பெரிதாக இருக்க வேண்டும். ஃபாண்டில் வரும் புள்ளி சின்னதாக இருந்தால், எழுத்தை ஷேப் ஆக மாற்றி, புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்துக் கொஞ்சம் பெரிதாக்கலாம்.

டெக்ஸ்சர் இருக்கிறது, ஆனால் கண்ணில் தெரியவில்லை

படத்தை 100 சதவீதத்தில் பாருங்கள், கண்ட்ரோலும் 1ம். 25, 33 என்று சுருக்கிப் பார்க்கும்போது பல பிக்சல்கள் ஒன்றாகக் கலந்து நாய்ஸ் மறைந்துவிடும். அதை நம்பி நாய்ஸை 20 சதவீதத்துக்கு ஏற்றினால், அப்புறம் 100 சதவீதத்தில் மணல் கொட்டிய மாதிரி இருக்கும்.

100 சதவீதத்திலும் தெரியவில்லை என்றால் அடி நிறத்தைப் பாருங்கள். ஓவர்லே மோடுக்கு நடு நிறம் வேண்டும். அடியில் சுத்த வெள்ளையோ சுத்தக் கறுப்போ இருந்தால், மேலே எதைப் போட்டாலும் ஓவர்லேயில் ஒன்றும் மாறாது. வெள்ளைச் சுவர் வேண்டும் என்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 255ஐ விட்டு 235க்கு இறங்குங்கள், அல்லது அந்த லேயரை மல்டிப்ளைக்கு மாற்றுங்கள். மல்டிப்ளையில் வெள்ளைப் பகுதி மறையும், கரும்பகுதி மட்டும் பதியும். கறுப்புப் பலகை மாதிரி இருண்ட பின்னணிக்கு நேர் எதிர், ஸ்கிரீன்.

எழுத்து சுவரில் இல்லை, மேலே ஒட்டிவைத்த மாதிரி மிதக்கிறது

இந்த ஒரு கோளாறில்தான் வேலையின் தரமே தெரியும். காரணம் மூன்று இருக்கலாம். அவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

முதல் காரணம் வெளிச்சம். சுவரின் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் நிழல் இருக்கிறது. அந்த நிழல் கீழே விழுகிறது என்றால் வெளிச்சம் மேலே இருந்து வந்திருக்கிறது. எழுத்துக்கு நாம் கொடுக்கும் டிராப் ஷேடோ இடது பக்கம் விழுந்தால், பார்ப்பவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், ஒட்டவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஒயிட் டவுனில் தூய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி மாதிரி நீளத் தெருக்கள் கடற்கரைக்கு இணையாக, வடக்கு தெற்காக ஓடுகின்றன. வீட்டு முகப்புகள் கிழக்கையோ மேற்கையோ பார்க்கின்றன. கிழக்கு பார்த்த சுவரைக் காலை 7 மணிக்கு எடுத்தால் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். நிறம் அருமையாக இருக்கும், சொரசொரப்பு ஒன்றும் தெரியாது. அதே சுவரை 11 மணி வாக்கில் எடுங்கள். சூரியன் உச்சிக்குப் போய், வெயில் மேலே இருந்து சுவரை உரசிக்கொண்டு இறங்கும். அப்போது ஒவ்வொரு பொரிசலுக்கும் கீழே ஒரு நிழல். மேற்கு பார்த்த சுவருக்கு உச்சி சாய்ந்த உடனே அதே பலன். குறுக்குத் தெருக்களில் வடக்கு பார்த்த சுவர் என்றால் கோடைக் காலையில் வெயில் உங்கள் இடது பக்கத்திலிருந்து உரசும். தெற்கு பார்த்த சுவரில் மார்கழிக் காலையில் வலது பக்கத்திலிருந்து உரசும். டெக்ஸ்சருக்குப் படம் எடுப்பவர் தெருவின் பெயரோடு எடுத்த நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டால் பின்னால் மிக உதவும்.

சரி, திசை தெரிந்துவிட்டது. லேயர் ஸ்டைலில் யூஸ் குளோபல் லைட் டிக் செய்து கோணத்தை அதற்கு ஏற்ப வையுங்கள். அந்தக் கோணம் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதைக் குறிக்கிறது: 90 என்றால் மேலே, 180 என்றால் இடது, 0 என்றால் வலது. 11 மணிச் சுவருக்கு 90. நிழலின் நிறத்தைக் கறுப்பில் விடாதீர்கள். காவிச் சுவரின் மேல் விழும் நிழல் அடர் பழுப்பு. சுவரின் ஒரு வெடிப்பிலிருந்தே நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயின்டில் எழுதிய எழுத்து என்றால் நிழலே வேண்டாம், பெயின்டுக்கு உயரம் கிடையாது. மர எழுத்து, உலோக எழுத்து பதித்தது என்றால்தான் நிழல்.

செதுக்கிய எழுத்து என்றால் கணக்கு தலைகீழ். வெளிச்சம் மேலே இருந்து வரும்போது பள்ளத்தின் மேல் விளிம்புக்கு உள்ளே நிழல், கீழ் விளிம்பில் வெளிச்சக் கோடு. இன்னர் ஷேடோ 90 கோணத்தில் இதைக் கொடுக்கும். பெவல் (விளிம்பைச் சரிவாகக் காட்டும் ஸ்டைல்) போட்டால் டைரக்‌ஷனை டவுன் ஆக்குங்கள். இதை மாற்றிப் போட்டால் செதுக்கிய எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும். "எம்போஸ் மாதிரி வருது, வெட்டின மாதிரி வரலை" என்று வரும் புகாருக்கு முழுக் காரணமும் இதுதான்.

இரண்டாவது காரணம், சுவரின் சொரசொரப்பு எழுத்தின் உள்ளே வரவில்லை. எழுத்து லேயரின் லேயர் ஸ்டைலைத் திறந்து, பிளெண்டிங் ஆப்ஷன்ஸில் கீழே பிளெண்ட் இஃப் என்று இருப்பதைப் பாருங்கள். அதில் அண்டர்லையிங் லேயர் ஸ்லைடரின் கறுப்பு முனையை வலப்பக்கம் நகர்த்தினால், சுவர் எங்கெல்லாம் இருண்டிருக்கிறதோ அங்கெல்லாம் எழுத்து விலகி வெடிப்பு தெரியும். அப்படியே விட்டால் ஓரம் கத்தரியால் வெட்டின மாதிரி இருக்கும். ஆல்ட் பிடித்து அந்த முனையை இரண்டாகப் பிரித்து இழுத்தால் மென்மையாகக் கரையும். அவுட்புட் அளவைச் சுருக்கிய சுவரில் இருண்ட இடம் 90க்கு மேல்தான் தொடங்கும் என்பதால், முனையை 90க்கும் 115க்கும் நடுவில் பிரித்துப் பாருங்கள். எழுத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஜிம்ப்பில் சுவரின் ஒரு நகலை லெவல்ஸில் கறுப்பு வெள்ளையாக முறுக்கி, அதையே எழுத்து லேயரின் மாஸ்க்காக ஒட்டினால் இதே பலன் கிடைக்கும்.

எழுத்தைச் சும்மா மல்டிப்ளையில் வைப்பவர்களும் உண்டு. கருநீலம், கருஞ்சிவப்பு எழுத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும். வெள்ளை எழுத்துக்கு ஆகாது, மறைந்துவிடும்.

மூன்றாவது, எழுத்தின் விளிம்பு. சுவர் மேடு பள்ளமாக இருக்கிறது, எழுத்தின் ஓரம் மட்டும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி நேராக இருக்கிறது. இதற்கு டிஸ்பிளேஸ் ஃபில்டர்; ஒரு படத்தின் வெளுப்பையும் கருமையையும் பார்த்து எழுத்தின் பிக்சல்களை நகர்த்தும். சுவரின் கறுப்பு வெள்ளை நகல் ஒன்றை 2 அல்லது 3 பிக்சல் காஸியன் பிளர் செய்து, லேயர்களை ஒன்றாக்கி, 8 பிட்டில் பிஎஸ்டி கோப்பாகத் தனியாகச் சேமியுங்கள். எழுத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கி, டிஸ்டார்ட் மெனுவில் டிஸ்பிளேஸ் எடுத்து, இரண்டு ஸ்கேலுக்கும் 3 அல்லது 5 கொடுத்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள். வழக்கமாக நிரம்பியிருக்கும் 10 இந்த வேலைக்கு அதிகம். 100 கொடுத்தால் அதிகபட்சம் 128 பிக்சல் நகரும் என்பது கணக்கு. 5க்குச் சுமார் 6 பிக்சல் வரும், பெயின்டர் கை நடுங்கிய அளவு.

டிஸ்பிளேஸ் செய்ததும் எழுத்து முழுவதும் ஒரு மூலைப் பக்கம் தள்ளிப்போகிறதா? நடுச் சாம்பல், அதாவது 128, இருந்தால்தான் நகராமல் இருக்கும். உங்கள் நகல் மொத்தமாக இருட்டாகவோ வெளுப்பாகவோ இருக்கிறது. லெவல்ஸில் நடு முனையை நகர்த்தி, ஹிஸ்டோகிராமின் மேடு நடுவில் வரும்படி செய்து மறுபடி சேமியுங்கள்.

ஒரே கறை திரும்பத் திரும்ப வருகிறது, நடுவில் கோடு தெரிகிறது

இவை இரண்டும் ஒன்று மாதிரித் தெரியும், வைத்தியம் வேறு. கோடு தெரிவது டைலின், அதாவது திரும்பத் திரும்ப அடுக்கிப் பின்னணியை நிரப்பும் சின்னத் துண்டின், ஓரங்கள் பொருந்தாததால். அதர் மெனுவில் ஆஃப்செட் எடுத்து, அகலத்திலும் உயரத்திலும் பாதியைக் கொடுத்து, ராப் அரவுண்ட் தேர்ந்தெடுங்கள். ஓரத்தில் ஒளிந்திருந்த கோடு நடுவுக்கு வந்துவிடும். குளோன் ஸ்டாம்ப்பால் அழித்துவிட்டு டிஃபைன் பேட்டர்ன் கொடுங்கள். கிளவுட்ஸ் ஃபில்டரால் செய்த டெக்ஸ்சர் என்றால் 512, 1024 என்று இரட்டிப்பாகிக்கொண்டே போகும் வரிசையில் சதுரமாகக் கோப்பை வைத்தாலே ஓரங்கள் தானாகப் பொருந்தும். ஜிம்ப்பில் சாலிட் நாய்ஸில் டைலபிள் என்று ஒரு டிக்கே இருக்கிறது.

கறை திரும்ப வருவது வேறு சங்கதி. டைலில் கண்ணைப் பறிக்கும் ஒரு பொட்டு இருக்கிறது. அது வரிசையாக நின்று காட்டிக்கொடுக்கிறது. அந்தப் பொட்டை டைலிலிருந்தே எடுத்துவிடுங்கள். பொட்டு வேண்டும் என்றால் கடைசிப் படத்தில் ஒரே இடத்தில் தனி லேயராக வையுங்கள். அப்புறம், முழுப் படத்துக்கும் பரவும் கிளவுட்ஸ் லேயர் ஒன்றை சாஃப்ட் லைட்டில் மேலே போட்டால் திரும்பத் திரும்ப வரும் தன்மை கணிசமாகக் கலையும்.

நிறம் மெல்ல மாற வேண்டிய இடத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறது

வானம், மாலை வெளிச்சம், ஓர இருட்டு எல்லாவற்றிலும் இது வரும். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 60லிருந்து 90க்கு மாறும் கிரேடியன்ட்டை 3000 பிக்சலுக்கு இழுத்தால் 30 படிகள், ஒவ்வொன்றும் 100 பிக்சல் அகலம். அது பட்டையாகத்தான் தெரியும். 16 பிட்டில் வேலை செய்யுங்கள், கிரேடியன்ட்டில் டித்தர் டிக் இருக்கட்டும், மேலே 1 சதவீதம் நாய்ஸ் போடுங்கள். நாய்ஸ் படிகளின் ஓரத்தைக் கலைத்துவிடும். டெக்ஸ்சர் பின்னணியில் பட்டை குறைவாகத் தெரிவதற்கே அதுதான் காரணம்.

16 பிட்டுக்கு மாறியதும் ஃபில்டர் கேலரி மங்கிப்போய்த் திறக்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். அந்தக் கேலரி 8 பிட்டில் மட்டுமே திறக்கும், சிஎம்ஒய்கேயிலும் (அச்சுக்கான நான்கு மை நிற முறை) திறக்காது. டெக்ஸ்சரைசர் அதற்குள்தான் இருக்கிறது. அந்த ஒரு வேலையை 8 பிட் ஆர்ஜிபி நகலில் செய்து இங்கே கொண்டுவந்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

பெரிதாக்கியதும் எழுத்துக்குள் இருந்த டெக்ஸ்சர் மாறிவிட்டது

பேட்டர்ன் ஓவர்லேயும் ஸ்ட்ரோக்கும் பிக்சல் கணக்கில் இருப்பவை. ஃப்ரீ டிரான்ஸ்ஃபார்மில் எழுத்தைப் பெரிதாக்கினால் அவை கூடவே பெரிதாகாது. லேயர் மெனுவில் லேயர் ஸ்டைல், அதற்குள் ஸ்கேல் எஃபெக்ட்ஸ், அதே சதவீதத்தைக் கொடுங்கள்.

கொம்பு வேறிடத்தில் நிற்கிறது, எழுத்து உடைகிறது

"தேர்" என்று தட்டினால் கொம்பு "த"வுக்குப் பின்னால் போகிறது, "பொங்கல்" பிரிந்து நிற்கிறது என்றால், ஃபோட்டோஷாப்பின் எழுத்து இயந்திரம் இந்திய மொழிக்கு மாற்றப்படவில்லை. பழைய பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்பதைத் தேர்ந்தெடுத்து, பேராகிராஃப் பேனலில் வேர்ல்டு ரெடி கம்போசர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிம்ப்பில் யூனிகோட் தமிழ் எதுவும் மாற்றாமலே ஒழுங்காக வரும். எழுத்தே வராமல் ஆங்கிலக் குறிகளாக வந்தால், அது பாமினி மாதிரி பழைய முறை ஃபாண்டில் தட்டிய வரி; கன்வெர்ட்டரில் யூனிகோடுக்கு மாற்றி ஒட்டுங்கள்.

ஷேப் ஆக்கியதும் எழுத்தின் உள்ளே சின்ன ஓட்டை விழுகிறதா? கொம்போ சுழியோ உடல் எழுத்தோடு ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் அப்படி ஆகும். பாத் ஆபரேஷனில் இரண்டையும் சேர்த்து, மெர்ஜ் ஷேப் காம்பொனென்ட்ஸ் கொடுத்தால் ஓட்டை அடையும். இதை பெவல் போடுவதற்கு முன்பே செய்யுங்கள். இல்லாவிட்டால் அந்த ஓட்டைக்கும் ஒரு விளிம்பு முளைக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் சுவர் குழம்பிப்போகிறது

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி, ஜேபெக்காக மறுபடி அழுத்துகிறது. ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்ணிய மாற்றங்களைத்தான் முதலில் தூக்கி எறியும். நம் நாய்ஸ் முழுக்க முழுக்க நுண்ணிய மாற்றம். அதனால் பொடிச் சுவர் வழுவழுப்பாகி, எழுத்தின் ஓரத்தில் அழுக்கு மாதிரி ஒன்று சேரும்.

டாக்குமெண்ட் ஆக அனுப்பச் சொல்லலாம், ஆனால் அதை வாங்குபவர் மற்றவர்களுக்குப் படமாகத்தான் அனுப்புவார். வாட்ஸ்அப்புக்குத் தனியாக ஒரு கோப்பு தயார்செய்வது நல்லது. நாய்ஸ் லேயரை அணைத்து, நீள பக்கம் 1500 பிக்சலுக்கு நீங்களே சுருக்கி, அதற்குப் பிறகு நாய்ஸை 2 சதவீதம் மட்டும் புதிதாகப் போடுங்கள். பாதியாகச் சுருக்கும்போது 4 பிக்சல் சேர்ந்து ஒன்றாவதால் பழைய நாய்ஸின் வலிமையும் பாதியாகிவிடும். அதை வைத்துக்கொண்டு பயனில்லை. வெடிப்பு, உரிசல் மாதிரி பெரிய வடிவங்கள் அழுத்தத்தைத் தாங்கும். வாட்ஸ்அப் கோப்பில் அவைதான் சுவரைச் சுவராகக் காட்டும்.

ஃபிளெக்ஸில் அடித்ததும் டெக்ஸ்சர் காணவில்லை, பத்திரிகையில் அடித்ததும் அழுக்காக இருக்கிறது

ஒரே கோப்பை இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டுமே கெடும். 10க்கு 6 அடி பேனரை 72 டிபிஐயில் (அங்குலத்துக்கு 72 பிக்சல்) செய்தால் 8640க்கு 5184 பிக்சல். ஒரு பிக்சல் துகள் அச்சில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வைத்திக்குப்பம் கடற்கரையில் தீர்த்தவாரிக் கூட்டத்துக்கு நடுவில் நின்று 20 அடி தள்ளிப் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. பேனரில் பொடிக்கு நேரம் செலவழிக்காதீர்கள். கிளவுட்ஸ் திட்டையும் வெடிப்பையும் பெரிதாக்குங்கள், கையகலத்துக்கு. அந்த அளவில் ஒவ்வொரு 8 பிட் லேயரும் 130 எம்பியைத் தாண்டும் என்பதால், கம்ப்யூட்டர் தடுமாறினால் 36 டிபிஐயில் பின்னணியைச் செய்து பெரிதாக்கி, எழுத்தை மட்டும் முழு அளவில் வைக்கலாம்.

பத்திரிகை நேர் எதிர். 300 டிபிஐ, கையில் பிடித்துப் பார்ப்பார்கள். மோனோக்ரோமேட்டிக் டிக் செய்யாமல் போட்ட நாய்ஸ் இங்கே பச்சையும் ஊதாவுமாகப் பொட்டு வைக்கும். திரையில் அழகாக இருந்த அடர் பழுப்பு, மையில் இன்னும் இருண்டு அடைத்துக்கொள்ளும். பின்னணியைத் திரையில் பார்ப்பதை விட ஒரு படி வெளுப்பாக விடுங்கள். ஊர்ப் பெயர், தேதி, முகூர்த்த நேரம் மாதிரி சின்ன வரிகளை டெக்ஸ்சர் மேல் நான்கு நிறம் கலந்து வைக்காதீர்கள், கறுப்பு மை ஒன்றில் மட்டும் வையுங்கள். கலந்தால், தகடு இம்மி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகும்.

முழு வேலையையும் அச்சுக்கு அனுப்பும் முன், எழுத்தும் சுவரும் சேர்ந்திருக்கும் ஒரு துண்டை, அச்சாகும் அதே அளவில், அதே தாளிலோ ஃபிளெக்ஸிலோ ஓரடி மட்டும் அடித்துத் தரச் சொல்லுங்கள். பேனர் துண்டைக் கடை வாசலில் வெயிலில் தொங்கவிட்டு எதிர்ச்சாரியில் நின்று பாருங்கள். பத்திரிகைத் துண்டை ட்யூப் லைட் வெளிச்சத்தில், வீட்டில் வயதானவர் ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.